அணையாத அடுப்பு, திறக்கவேண்டிய கதவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'மனிதன்மீது நம்பிக்கை' என்னும் தொடர் கவியரங்க மேடைகளில் மிகுதியாகப் புழங்கித் தேய்ந்துபோன ஒன்று. இருபது வயதில் அதனை உரக்கச் சொன்னவர்கள் ஐம்பது வயதில் சொல்லக் கூசுகின்றனர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கண்டவை பல. கைம்மாற்று வாங்கியவர் தெருவில் முகம் திருப்பிக்கொள்கிறார். தோளோடு தோள் நின்று போராடியவர் பதவி கண்டதும் குரல் மாறுகிறார். நல்லது செய்தவரைப் பற்றி, நன்மை பெற்றவரே புறம் பேசுகிறார். இவற்றையெல்லாம் கண்டபின், 'மனிதர்கள் இவ்வளவுதான்' என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அம்முடிவுக்குப் பட்டறிவு என்றும் ஒரு பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

அம்முடிவு பொய்யென்று எவரும் எளிதில் நிறுவிவிட முடியாது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் வரலாறே அதற்கு வேண்டிய சான்றுகளைத் தாராளமாகத் தருகிறது. ஆயின், அதே மண் வேறொரு செய்தியையும் வைத்திருக்கிறது. ஏமாந்தபின் மனிதர் சிலர் என்ன செய்தனர் என்பதே அச்செய்தி.

ஓமந்தூர் உழவர்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். உழவுக் குடும்பத்தினர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1947 மார்ச் 23ஆம் நாள் அவர் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சர் ஆனார். அன்று அப்பதவியைப் பிரதமர் என்றே வழங்கினர். நாடு விடுதலை பெற்ற நாளில் இம்மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அந்த உழவரின் கையில் இருந்தது.

அவர் பதவியில் இருந்த காலம் ஈராண்டும் சில நாள்களுமே. அச்சிறு காலத்தில் நடந்தவை சிறியன அல்ல. ஒடுக்கப்பட்டோர் எல்லாக் கோயில்களிலும் நுழைவதற்கு உரிமை தந்த ஆலயப் பிரவேசச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் வந்தன. ஜமீன் முறையை ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவரும் சட்டம் 1948இல் வந்தது. மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

இவ்வளவு செய்தவரை அவருடைய கட்சியினரே நெடுங்காலம் தாங்கிக்கொள்ளவில்லை. பரிந்துரைக்குச் செவிசாய்க்காதவர், வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராதவர் என்பது அவரைப் பற்றிப் பரவலாக வழங்கும் மதிப்பீடு. பிரகாசம் அமைச்சரவைமீது நம்பிக்கை இழந்து எந்தச் சட்டமன்றக் கட்சி இவரைத் தேடி அழைத்து நாற்காலியில் அமர்த்தியதோ, அதே கட்சியின் ஆதரவு இவருக்கும் இல்லாது போயிற்று. 1949 ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பதவி நீங்கினார். குமாரசாமி ராஜா அவ்விடத்துக்கு வந்தார்.

மனிதர்மீது கசப்புக் கொள்வதற்கு இதைவிடத் தகுந்த காரணம் ஒருவருக்கு வேண்டியதில்லை. ஓமந்தூருக்குத் திரும்பி, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வந்தவரிடமெல்லாம் நன்றி கெட்ட உலகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எஞ்சிய நாளைக் கழித்திருந்தாலும் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவர் வடலூருக்குச் சென்றார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் பள்ளியும் அமையப் பாடுபட்டார். 1970இல் மறையும்வரை, பதவியில் கழித்த காலத்தைப்போல் பத்து மடங்கு காலம், அவருடைய வாழ்க்கை இவ்வாறே சென்றது.

வடலூர் அடுப்பு

அவர் வடலூரைத் தேர்ந்ததில் ஒரு பொருள் உண்டு. அந்த ஊர் ஏமாற்றத்தை அறிந்த ஊர்.

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான 80 காணி நிலத்தைத் தந்தவர்கள் பார்வதிபுரம் என்னும் சிற்றூரின் மக்கள். சாதி எது, சமயம் எது, எந்த ஊர் என்று கேளாமல் பசித்தவர்க்குச் சோறு இடவேண்டும் என்பது சாலையின் முறை. 1872இல் சத்திய ஞானசபை தொடங்கப்பெற்றது. கூட்டம் வந்தது. ஆயினும் தாம் சொல்லவந்ததை உள்ளபடி ஏற்றுக்கொள்பவர் மிகச் சிலரே என்று அவர் கண்டார். சரக்கைப் பரப்பி வைத்தும் வாங்குவார் இல்லாமையால் கடையை எடுத்துவைத்துவிட்ட வணிகனுக்குத் தம்மை ஒப்பிட்டு அவர் வருந்தியதாக வழங்கும் செய்தி தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார்.

தமிழ்நாட்டின் பேரருளாளர் ஒருவரே மனிதரைப் பற்றி இத்தகைய வருத்தம் கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவநம்பிக்கை சிறுமதியினருக்கு மட்டுமே வரும் நோய் அன்று. மிகுதியாக அன்பு செய்தவரிடம் அது மிகுதியாகவே வரும்.

எனினும், அவர் கடையைக் கட்டிய பின்னும் அடுப்பு எரிந்தது. அவர் மறைந்து ஈராண்டில் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டவர் பல லட்சம். அப்பஞ்சத்தின் முழுப் பசியையும் ஆற்றுமளவுக்குச் சாலை பெரியது அன்று. ஆனால் பஞ்சம் வந்தபின் அடுப்பு மூட்டக் கல் தேடவேண்டிய நிலை வடலூரில் இல்லை. 1867இல் மூட்டிய அந்த அடுப்பு இன்றும் அணையாது காக்கப்படுகிறது.

இவ்விடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். எதிர்பார்ப்பு வேறு, நம்பிக்கை வேறு. இன்னார் இன்னவாறு நடந்துகொள்வார் என்று கணித்து வைப்பது எதிர்பார்ப்பு. கணிப்பு தவறலாம், பெரும்பாலும் தவறும். மனிதர்மீது வைக்கும் நம்பிக்கையைக் கணிப்பாகக் கொண்டவர் ஒவ்வொரு ஏமாற்றத்திலும் அதில் ஒரு பங்கை இழந்து, முதுமையில் வெறுங்கையராய் நிற்கிறார். வடலூரில் காணப்படும் நம்பிக்கை வேறு வகையானது. அது ஓர் ஏற்பாடு. உண்ண வருபவர் நல்லவரா, நாளை நன்றி சொல்வாரா என்பதை அந்த அடுப்பு கணிப்பதில்லை. யாரேனும் வருவர், வரும்போது சோறு இருக்கவேண்டும் என்பதே அதன் கணக்கு. ஏற்பாட்டை ஏமாற்றம் எளிதில் உடைப்பதில்லை.

ஏமாந்தவரும் ஏமாற்றியவரும்

ஓமந்தூராரை ஏமாற்றத்துக்கு ஆளானவராக மட்டும் காட்டினால் அது முழு உண்மை ஆகாது. அவருடைய ஆட்சியில்தான் 1948இல் கருஞ்சட்டைப் படை தடைசெய்யப்பட்டது. பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததற்கு எதிராக அதே ஆண்டில் போராட்டம் எழுந்தது. கோயில் கதவைத் திறக்கச் சட்டம் செய்த அரசே தங்களைத் தடுக்கிறதே என்று அன்று மனம் கசந்த தமிழர் பலர். ஒருவர் தமக்கு நேர்ந்த ஏமாற்றங்களை எண்ணிக் கணக்கெழுதுவது எளிது. பிறருடைய கணக்கேடுகளில் தம் பெயர் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. 'மனிதர்கள் இவ்வளவுதான்' என்று சொல்பவர் அந்தத் தொகையிலிருந்து தம்மைக் கழித்துக்கொண்டே சொல்கிறார்.

சட்டமும் கதவும்

இனி அவநம்பிக்கையின் பக்கம் நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஓமந்தூரார் செய்த சட்டம் என்ன ஆயிற்று?

சட்டம் வந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், 1978 ஜூலை மாதத்தில், விழுப்புரம் நகரிலேயே சாதி வன்முறையில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த ஊருக்கும் ஓமந்தூருக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை.

சட்டம் வந்து 76 ஆண்டுகள் கழிந்தபின், 2023ஆம் ஆண்டு, விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் செல்வது தடுக்கப்பட்டது. பேச்சுவார்த்தைகள் பயன் தரவில்லை. ஜூன் மாதத்தில் வருவாய்த் துறையினர் கோயிலுக்கு முத்திரையிட்டுப் பூட்டினர். சட்டம் பிறந்த மண்ணிலேயே, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாமல் அரசு கதவைப் பூட்டவேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. மக்கள் நுழைய அனுமதி இல்லை. 2025 ஏப்ரலில், காவலர் புடைசூழ, தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். எதிர்ப்பு அடியோடு ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இந்த வரலாற்றை இரு வகையாகப் படிக்கலாம். 78 ஆண்டுகள் ஆகியும் ஒரு கதவைத் திறக்கக் காவலர் படை வேண்டியிருக்கிறதே என்று படிப்பது ஒரு வகை. அது உண்மை. 1947இல் அச்சட்டம் எழுதப்படாதிருந்தால் 2025இல் அந்த மக்கள் எதைக் கையில் கொண்டு கதவருகே நின்றிருப்பர் என்று கேட்பது இன்னொரு வகை. இதுவும் உண்மை. சட்டம் மனிதரை நல்லவராக்கவில்லை. உரிமை உடையவர் வந்து கேட்கும் நாள்வரை அவ்வுரிமையை அணையாது காத்து வைத்திருந்தது. வடலூர் அடுப்பும் ஓமந்தூரார் சட்டமும் செய்த வேலை ஒன்றே.

இங்கே குறிப்பிடத்தக்கது மற்றொன்றும் உண்டு. மேல்பாதிச் செய்தியைத் தாளில் படித்துவிட்டு 'இந்த ஊர் திருந்தாது' என்று மடித்து வைத்தவர் தமிழ்நாட்டில் பலர் இருந்திருப்பர். தடுக்கப்பட்டவர்கள் அவ்வாறு மடித்து வைக்கவில்லை. மனு எழுதினார்கள், அலைந்தார்கள், காத்திருந்தார்கள், கதவு திறந்த அன்று வந்தார்கள். அடிபட்டவரைப் பார்த்து நம்பிக்கையோடு இருங்கள் என்று உபதேசிக்கும் தகுதி வெளியில் நின்று பார்ப்பவருக்கு இல்லை. ஆனால் அடிபட்டவரே நம்பிக்கையை விடாதபோது, பார்த்திருப்பவர் அதை விட்டுவிடுவது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி எஞ்சுகிறது.

திண்டிவனத்து ஆசிரியர்

திண்டிவனத்தில் இருளர் பழங்குடி மக்களுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. முன்னாளில் கல்யாணி என்ற பெயரால் அறியப்பட்டவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும், தாய்த்தமிழ்ப் பள்ளியும் அவருடைய பெயரோடு சேர்த்து நினைக்கப்படுபவை.

இருளர் நிலமற்றவர். வயல்களில் எலி பிடித்தும், பாம்பு பிடித்தும், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டும் வாழ்ந்தவர். ஊரில் களவு நேர்ந்தால் முதலில் இழுத்துச் செல்லப்படுபவரும் அவரே. பழங்குடி என்று எழுதிய ஒரு சாதிச் சான்றிதழ் இல்லாமையால் பள்ளி உதவித்தொகையும் வேலை உரிமையும் அவர்கள் பிள்ளைகளுக்கு எட்டாமல் போயின. அச்சான்றிதழைத் தருபவர் கோட்டாட்சியர். அவர் அலுவலக வாயிலில் கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை முறை நிற்க முடியும்?

1993இல் விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த ஓர் இருளர் இளம்பெண்ணைப் புதுச்சேரிக் காவலர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாக வழக்கு எழுந்தது. அவ்வழக்குக்காக உழைத்தவர்களில் கல்விமணியும் ஒருவர். 13 ஆண்டுகள் கழித்து, 2006இல், விழுப்புரம் நீதிமன்றம் காவலர் அறுவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பதின்மூன்றாண்டு உழைப்பின் பயன் கைக்கு வந்து மீண்டும் நழுவிற்று.

அதன்பின் சங்கம் கலைந்துவிடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. சான்றிதழ் கேட்டு மனு எழுதும் வேலையும், கொத்தடிமைகளை மீட்கும் வேலையும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையும் தொடர்ந்தன. 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தால் இருளர் என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. படத்தைத் தயாரித்த நடிகர் சூர்யா, பழங்குடி இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாய் அளித்தார். அந்தப் புகழ் வருவதற்கு நெடுங்காலம் முன்பே திண்டிவனத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. புகழின் வெளிச்சம் நகர்ந்த பின்னும் கோட்டாட்சியர் அலுவலக வாயில் அங்கேயே இருக்கும், மனு எழுதும் கையும் வேண்டியிருக்கும்.

இத்தகைய பணியில் இருப்பவர் மனிதரைப் பற்றி மயக்கம் உடையவர் அல்லர். அதிகாரியின் மெத்தனம், சாட்சியின் அச்சம், உடன் நிற்பவரின் சோர்வு, உதவி பெற்றவரின் மறதி ஆகிய எல்லாவற்றையும் கவியரங்கத்தில் அமர்ந்திருப்பவரைவிட அவர் நன்கு அறிவார். அறிந்தும் அடுத்த மனுவை எழுதுகிறார்.

விகர்ணன் குரல்

மேல்பாதியில் பூட்டப்பட்டது திரௌபதியின் கோயில். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் அவளுக்குக் கோயில்கள் மிகுதி. பங்குனி, சித்திரையில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, தீமிதியோடு விழா முடிப்பது இம்மண்ணின் வழக்கம். துகிலுரிதல் கூத்தை அறியாத சிற்றூர் இங்கு அரிது.

அவையில் நின்று நீதி கேட்டவள் திரௌபதி. வீடுமரும் துரோணரும் இருந்த அவை அது. கல்வியும் வயதும் வீரமும் நிறைந்த அவை வாய்மூடி இருந்தது. மனிதரைப் பற்றி நம்பிக்கை இழக்க அதைவிட ஏற்ற காட்சி எந்தக் காப்பியத்திலும் இல்லை. அந்த அவையில் ஒருவன் எழுந்து, இது அறமன்று என்றான். அவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். அவன் சொல் வெல்லவில்லை. அவனைக் கடிந்து அமர்த்தினர். பிற்பாடு போரில் அவன் அண்ணன் பக்கமே நின்று, வீமன் கையால் மடிந்தான். நியாயம் பேசிய அதே மனிதன் அநியாயத்தின் படையிலும் நின்றான்.

பாரதம் பாடியவர்கள் அவனை விட்டுவிடவில்லை. கதையின் போக்கை மாற்றாத அந்தப் பேச்சை நீக்கினாலும் கதை நின்றுவிடாது. ஆயினும் அதைக் காத்து வைத்தனர். அவை முழுவதும் ஊமையாயிற்று என்று எழுதியிருந்தால் அது வலிமையான காட்சியாக இருந்திருக்கும். உண்மையில் ஒரு குறை நேர்ந்திருக்கும். அவனை முழு நல்லவனாக்கிப் பாண்டவர் பக்கம் சேர்த்திருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். அவனை உள்ளபடி வைத்தனர்.

கவிஞர்க்கு

அவநம்பிக்கைக் கவிதைகள் இன்று தமிழில் மிகுந்துள்ளன. அவற்றில் நல்லவையும் உண்டு. அவை பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டுவது முறையன்று. ஆனால் அவற்றுள் பல, அவை ஊமையாயிற்று என்பதோடு நின்றுவிடுகின்றன. விகர்ணனைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன. இருட்டை எழுதுவது கவிஞரின் உரிமை. இருட்டில் எரிந்த ஓர் அடுப்பைக் கண்டும் எழுதாமல் விடுவது கணக்கைத் திருத்தி எழுதுவதாகும். அவ்வாறே, மனிதநேயம் என்று பொதுப்பெயர் சொல்லி வாழ்த்துப் பாடுவதும் கணக்கைத் திருத்துவதே. பார்வதிபுரத்து மக்கள் நிலம் தந்ததையும், விழுப்புரத்தில் 12 பேர் கொல்லப்பட்டதையும் ஒரே ஏட்டில் எழுதும் துணிவு வேண்டும்.

இலக்கிய வட்டமும் ஓர் ஏற்பாடே. எந்த ஊர் வட்டத்தை எடுத்துக்கொண்டாலும், கவிதையோடு வருவதாகச் சொன்னவர் வராத நாள்கள் உண்டு. மேடை கிடைத்ததும் மறந்துபோனவர் உண்டு. பொருளில்லாத பிணக்கால் பிரிந்தவர் உண்டு. இவற்றை எண்ணிக் கடையைக் கட்டிவிடலாம். ஆயினும் மாதந்தோறும் எவரோ ஒருவர் முன்னதாக வந்து, அறையைக் கூட்டி, பாய் விரித்து, விளக்கேற்றி வைக்கிறார். முதன்முதலாகக் கவிதை எழுதி, அதை யாரிடம் காட்டுவது என்று அறியாத ஓர் இளைஞரோ மாணவியோ அந்த மாதத்தில் வரக்கூடும், வராமலும் போகலாம். வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். பத்தாண்டுகள் என்பது அவ்வாறு விரித்த 120 பாய்களின் கணக்கு. அடுத்த மாதத்துக்கும் ஒருவர் முன்னதாக வருவாராக.